அமெரிக்காவுக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவருக்கு வழிகாட்டுவதாக அமைந்தவை அவை. அவற்றைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் பாட்டுடைத் தலைவனின் கொடைச் சிறப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்நூல்களை அடியடியாகப் படித்துச் செல்லும் எவருக்கும் வேறொன்று புலப்படும். தலைவனுக்கு இணையாக அங்கே வழி பாடப்படுகிறது. சிறுபாணாற்றுப்படையில் நெய்தலும் முல்லையும் மருதமும் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. ஒவ்வொரு நிலத்திலும் யார் எதிர்ப்படுவர், அவர்கள் என்ன உணவு தருவர் என்பது சொல்லப்படுகிறது. மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே சென்று, இரவில் நடக்க வேண்டாம், பன்றிக்கு வைத்த பொறியில் சிக்க வேண்டாம், கவண் கல்லுக்கு விலகிச் செல்லுங்கள், பாசி படர்ந்த இடத்தில் வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. போய்ச் சேரும் ஊரைப் போலவே போகும் வழியும் அறியத்தக்கது என்று கருதிய ஒரு மரபின் ஆக்கங்கள் அவை.

இன்றைய சுற்றுலாக் கையேடுகளில் இந்த மரபு முற்றாக அற்றுப்போய்விட்டது. பார்க்க வேண்டிய இடங்கள் பட்டியலாக வருகின்றன. இடையில் இருப்பது கடக்க வேண்டிய தொலைவு மட்டுமே. எவ்வளவு விரைவாகவும் மலிவாகவும் கடக்கலாம் என்பதே கேள்வி. சிறிய நாடுகளில் இதனால் பெரிய இழப்பு இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் போன்றதொரு பெருநாட்டில் இப்பார்வை நாட்டையே மறைத்துவிடுகிறது. அங்கே எந்த ஊர்தியில் ஏறுகிறோம் என்பதே எந்த அமெரிக்காவைக் காண்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது நம் கருத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நாட்டில் ஊர்தித் தெரிவு என்பது வசதி பற்றியது மட்டுமன்று. யார் தம் விருப்பப்படி நகரலாம், யார் பிறர் தயவுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அதனுள் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்களிலிருந்து அங்கே செல்லும் முதியோர் பலருக்கு இந்தக் கேள்வி உடலால் அனுபவிக்கும் ஒன்று.

*

அமெரிக்காவின் பரப்பு இந்தியாவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சாலைவழித் தொலைவு 4,500 கிலோமீட்டர் அளவில் வரும். அலாஸ்காவையும் ஹவாயையும் ஒதுக்கிவிட்டாலும், கடலுக்குக் கடல் செல்பவர் நான்கு நேர மண்டலங்களைத் தொடுகிறார். இந்தப் பேரளவின் முன் பயணத் திட்டம் வகுப்போர் செய்வது வழக்கமாக ஒன்றுதான். கிழக்குக் கரையில் நான்கு நாள், விமானம், மேற்குக் கரையில் நான்கு நாள், நடுவே லாஸ் வேகஸும் கிராண்ட் கேன்யனும். இறங்கிய இடங்களில் வாடகைக் கார். பத்து நாளில் அமெரிக்கா முடிந்தது.

விமானத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1978 ஆம் ஆண்டின் சட்டம் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கிய பின், நடுத்தர வர்க்கத்துக்கும் வானம் எட்டியது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஆறு மணி நேரம். விடுப்பு குறைவாக உள்ளவருக்கு வேறு வழி இல்லை. அதன் கண்ணிகளை மட்டும் அறிந்திருத்தல் நலம். மலிவான சீட்டுகளில் பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனித்தனியே பணம் கேட்கப்படும். நேர் விமானம் இல்லாத ஊர்களுக்கு அட்லாண்டா, சிகாகோ, டல்லஸ் போன்ற மையம் ஒன்றின் வழியாகச் சுற்றிச் செல்ல நேரும். இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெரிய இழப்பு, நிலத்தின் தொடர்ச்சி அறுபடுவது. சோள வயல் எங்கே முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது, மேய்ச்சல் நிலம் எங்கே பாலையாகத் திரிகிறது என்பது விமானப் பயணிக்குத் தெரிவதில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து பாலையாவதைக் கண்ட மரபில் வந்தவர்களுக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றாது.

*

காருக்கு வருவோம். அமெரிக்கா என்றாலே கார்தான் என்ற எண்ணம் இயற்கையாக விளைந்ததன்று. அரசின் கொள்கையாலும் பொதுப் பணத்தாலும் விளைந்தது. 1919 இல் அமெரிக்க இராணுவத்தின் ஊர்தி அணி ஒன்று வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. சேற்றிலும் மணலிலும் புதைந்து, பாலங்களை உடைத்து, 62 நாட்களில் அது போய்ச் சேர்ந்தது. அதில் சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசனோவர். அவரே குடியரசுத் தலைவரான பின் 1956 இல் கையெழுத்திட்ட சட்டம், 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளைத் திட்டமிட்டது. செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்றது. அதே காலத்தில் நகரங்களின் டிராம்கள் மறைந்துகொண்டிருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒருகாலத்தில் மின்சார ரயில்களுக்குப் பெயர்பெற்ற நகரம் என்று இன்று சொன்னால் நம்புவோர் குறைவு. அதன் கடைசித் தடமான லாங் பீச் தடம் 1961 இல் நிறுத்தப்பட்டது. 29 ஆண்டுகள் கழித்து, 1990 இல், அதே லாங் பீச்சுக்குப் பொதுப் பணத்தில் மீண்டும் ரயில் விட வேண்டியதாயிற்று.

இருப்பினும் காரின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காவுக்குள் கார் இல்லாமல் சுற்றுவது கடினம். ஃபாக்னரின் ஊரான மிசிசிப்பி மாநில ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. ஸ்டைன்பெக் 1960 இல் ஒரு நாயோடும், டான் குவிக்ஸோட்டின் குதிரையின் பெயரை இட்ட ஒரு வண்டியோடும் தன் நாட்டைச் சுற்றியபோது, நினைத்த இடத்தில் நிற்கும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமையை ரயில் தராது.

கறுப்பின மக்களின் வரலாற்றில் காருக்கு இன்னும் ஆழமான பொருள் உண்டு. பேருந்திலும் ரயிலிலும் தனி இருக்கை, தனிப் பெட்டி என்று இழிவுபடுத்தப்பட்ட காலத்தில், சொந்தக் கார் வைத்திருந்த கறுப்பினக் குடும்பம் அந்த அவமானத்திலிருந்து ஓரளவு தப்பியது. ஆயினும் வழியில் உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டுமே. அதற்காகவே நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற அஞ்சல் ஊழியர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பினத்தவருக்கு இடம் தரும், எங்கே உணவு கிடைக்கும், எங்கே முடி திருத்திக்கொள்ளலாம் என்ற குறிப்புகள் அடங்கியது அது. குடியுரிமைச் சட்டம் 1964 இல் வந்த பின் அதன் தேவை குறைந்து, சில ஆண்டுகளில் வெளிவருவது நின்றது. அமெரிக்க மண்ணில் உண்மையான ஆற்றுப்படை எது என்று கேட்டால் இந்நூலையே சுட்டுவோம். யார் சோறிடுவர், எங்கே பொறி இருக்கிறது என்பதைத் தன் இனத்தாருக்கு முன்சென்றவர் சொல்லும் நூல் அது.

அதே சாலைகள் அம்மக்களின் குடியிருப்புகளைப் பிளந்தும் சென்றன. செயின்ட் பால் நகரின் ராண்டோ, மயாமியின் ஓவர்டவுன், நியூ ஆர்லியன்ஸின் கிளெய்போர்ன் அவென்யூ ஆகியவை பெருஞ்சாலைக்காக இடிக்கப்பட்ட கறுப்பினப் பகுதிகள். இன்று அச்சாலைகளில் விரையும் பயணிக்கு அவை வெளியேறும் வழியின் எண்களாக மட்டுமே தெரியும். பெருஞ்சாலையின் இயல்பே அதுதான். எந்த மாநிலத்தில் வெளியேறினாலும் அதே எரிபொருள் நிலையம், அதே உணவுக் கடை, அதே விடுதி. 1926 இல் பிறந்த 66 ஆம் எண் சாலை ஊர்களின் நடுவே ஓடியது. 'கோபத்தின் கனிகள்' நாவலில் புலம்பெயரும் உழவர்கள் ஊர் ஊராக நின்று சென்றது அதனால்தான். 1985 இல் அது நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது, புதிய சாலை ஒதுக்கிச் சென்ற ஊர்கள் பல வாடிப்போயின.

கார் எடுத்தே ஆக வேண்டியவர்கள் சிலவற்றை நினைவில் கொள்ளலாம். ஊர்திகள் வலப்பக்கம் ஓடும். அயல்நாட்டு உரிமம் பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வைத்திருப்பது பாதுகாப்பு. 25 வயது நிரம்பாதவரிடம் வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் கேட்கும். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் அதற்கும் கட்டணம் உண்டு. நிறுத்தப் பலகையைக் கண்டால் ஆளில்லாத சந்தியிலும் முழுமையாக நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு மின்ன நிற்கும் பள்ளிப் பேருந்தை ஒருபோதும் கடக்கலாகாது.

*

ரயில் அமெரிக்காவில் இல்லை என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். இருக்கிறது. ஆனால் தேடிப் போக வேண்டிய நிலையில் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் கைவிட்ட பயணிகள் ரயில்களை ஏற்று நடத்த 1971 மே 1 இல் தொடங்கப்பட்ட ஆம்ட்ராக், இன்று 46 மாநிலங்களில் 500க்கும் மேற்பட்ட நிலையங்களில் நிற்கிறது. பாஸ்டனிலிருந்து நியூயார்க், பிலடெல்பியா வழியாக வாஷிங்டன் வரையுள்ள வடகிழக்குத் தடத்தில் ரயிலே சிறந்த ஊர்தி என்பதில் ஐயமில்லை. நகரின் நடுவில் ஏறி நகரின் நடுவில் இறங்கலாம். 2025 ஆகஸ்டில் அங்கே புதிய அசெலா ரயில்கள் ஓடத் தொடங்கின. அவற்றின் உச்ச வேகம் மணிக்கு 160 மைல்.

நாம் பரிந்துரைப்பது வேகத்தை நாடும் அந்தத் தடத்தை அன்று. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா செஃபிர் என்ற ரயில் புறப்படுகிறது. சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையிலுள்ள எமரிவில் வரை 2,438 மைல், ஏழு மாநிலங்கள், இரண்டு இரவுகள். முதல் நாள் மாலை மிசிசிப்பி ஆற்றைக் கடக்கிறது. நெப்ராஸ்காவின் சமவெளி இரவில் கழிகிறது. மறுநாள் டென்வரிலிருந்து ராக்கி மலை ஏறி, 1928 இல் திறக்கப்பட்ட மாஃபட் சுரங்கத்துள் பத்துக் கிலோமீட்டர் இருளில் சென்று, பின்னர் பல மணி நேரம் கொலராடோ ஆற்றின் கரையை ஒட்டியே இறங்குகிறது. மூன்றாம் நாள் நெவாடாப் பாலை கழிந்து சியரா நெவாடா மலை. அந்த மலையைக் குடைந்து முதன்முதலில் தண்டவாளம் இட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமன்டரியில் கிழக்கும் மேற்கும் இணைந்தபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஒளிப்படத்தில் அவர்களைக் காண இயலாது. 13 ஆண்டுகளில் சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. சியராவின் கருங்கல் சுவர்களுக்கிடையே ரயில் ஊர்ந்து ஏறும்போது அந்த உழைப்பின் கனத்தை உணர முடியும்.

ரயிலின் இன்னொரு பேறு உடன்பயணிகள். நெடுந்தொலைவு ரயில்களின் உணவுப் பெட்டியில் அறிமுகமற்ற நால்வரை ஒரே மேசையில் அமர்த்துவது பழைய வழக்கம். விமானத்தை அஞ்சுவோர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரிக்குத் திரும்பும் மாணவி, காரும் விமானமும் தம் நெறிக்கு ஒவ்வாதவை என்று விலக்கிய ஆமிஷ் சமயத்தார் ஆகிய இவர்களோடு ஒரு முழு நாளைக் கழிக்கும் வாய்ப்பு வேறெந்த ஊர்தியிலும் இல்லை. சாய்வு இருக்கைச் சீட்டு மலிவு. படுக்கை அறையின் விலை விமானத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஆனால் உணவு அதில் அடங்கும். 30 நாளில் பத்து முறை ஏறி இறங்க ஏறத்தாழ 500 டாலருக்கு ஒரு பயண அட்டை உண்டு. 65 வயது கடந்தவருக்குச் சலுகையும் உண்டு.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வடகிழக்குத் தடத்துக்கு வெளியே ஆம்ட்ராக் பெரும்பாலும் சரக்கு ரயில் நிறுவனங்களின் தண்டவாளத்தில் ஓடுகிறது. பயணிகள் ரயிலுக்கே முதலிடம் என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒதுங்கி வழிவிடும் கிளைத்தடங்களைவிடச் சரக்கு ரயில்கள் நீளமாகிவிட்டன. ஒதுங்க இடமில்லாத சரக்கு ரயிலுக்காகப் பயணிகள் ரயில் காத்துக் கிடக்கிறது. சில மணி நேரத் தாமதத்தை எதிர்பார்த்தே ஏற வேண்டும். அன்றே விமானம் பிடிப்பதாகத் திட்டமிடலாகாது. பெருநகரங்கள் பல ரயில் வரைபடத்திலேயே இல்லை. நாஷ்வில், கொலம்பஸ், லாஸ் வேகஸ், பீனிக்ஸ் நகரங்களுக்கு ஆம்ட்ராக் ரயில் கிடையாது. டெக்சாஸின் ஹியூஸ்டனுக்கும் டல்லஸுக்கும் இடையே 400 கிலோமீட்டர்கூட இல்லை. நேரடி ரயில் இல்லை.

*

ரயில் எட்டாத ஊர்களை இணைப்பது பேருந்து. 1914 இல் மினசோட்டாவின் ஹிப்பிங் ஊரில், சுரங்கத் தொழிலாளரை ஏற்றிச்செல்ல ஒரு சுவீடன் குடியேறி ஓட்டிய வண்டியிலிருந்து வளர்ந்தது கிரேஹவுண்ட் நிறுவனம். 2021 இல் அதை ஒரு ஜெர்மானிய நிறுவனம் வாங்கியது. நகர் நடுவே இருந்த பழைய நிலையங்கள் பல இந்தப் பத்தாண்டில் விற்கப்பட்டன. பிலடெல்பியாவில் 2023 இல் நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் நடைபாதையில் நின்று பேருந்துக்குக் காத்திருந்தனர். கூரையும் கழிப்பறையும் இருக்கையும் இல்லாத நிறுத்தத்தில் நள்ளிரவில் காத்திருப்பவர் யார் என்று பார்த்தால் அந்தச் சமூகத்தின் அடுக்குகள் விளங்கும். கார் வாங்க இயலாதவர், ஓட்டும் வயதைக் கடந்தவர், சிறையிலிருந்து விடுதலையானவர், அண்மையில் குடியேறியவர். சுற்றுலாப் பயணிக்கு இவர்களோடு செல்வதில் அச்சம் இருக்கலாம். பகல்நேரப் பேருந்தைத் தேர்ந்துகொள்வதும், நான்கைந்து மணி நேரத்துக்கு மேற்படாத தொலைவுக்கு மட்டும் ஏறுவதும் அறிவுடைமை. ஆனால் இவர்களைக் காணாமல் அமெரிக்காவைக் கண்டதாகச் சொல்வது நேர்மையாகாது.

பேருந்தை நாம் வலியுறுத்த இன்னொரு காரணம் வரலாறு. ரயில் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு வழக்கறிஞரின் கதையை அறிந்த நமக்கு, ஊர்தியின் இருக்கை என்பது உரிமைப் போரின் களமாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1892 இல் லூசியானாவில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்த ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், 1896 இல், பிரித்து வைத்தலைச் சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தது நகரப் பேருந்தில். அதைத் தொடர்ந்து 381 நாட்கள் அந்நகரின் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தனர். 1961 மே மாதம் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து வாஷிங்டனிலிருந்து தெற்கே புறப்பட்டனர். மே 14 அன்று அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே அவர்கள் சென்ற கிரேஹவுண்ட் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மாநிலங்களுக்கிடையிலான பேருந்துகளிலும் நிலையங்களிலும் பிரிவினை தடைசெய்யப்பட்டது. மாண்ட்கோமரியின் பழைய கிரேஹவுண்ட் நிலையம் இன்று அப்பயணத்தின் அருங்காட்சியகம். உயிரைப் பணயம் வைத்து வென்ற இருக்கைகள் அவை. சட்டம் திறந்துவிட்ட நிலையத்தின் கதவைப் பின்னர் நிலவணிகம் மூடியது என்பதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

*

நகரங்களுக்குள் நிலைமை வேறு. நியூயார்க்கின் சுரங்க ரயில் 1904 முதல் ஓடுகிறது; 472 நிலையங்கள், இரவும் பகலும் சேவை. சிகாகோ, பாஸ்டன், வாஷிங்டன், சான்பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் கார் இருப்பதே தொல்லை. இலக்கிய வாசகர்களுக்கு இன்னொன்று சொல்வோம். பாஸ்டனின் வடக்கு நிலையத்தில் புறநகர் ரயில் ஏறிக் கான்கார்டில் இறங்கினால், வால்டன் குளத்துக்கு நடந்தே போகலாம். தோரோ தன் குடிலிலிருந்து கேட்ட ரயிலோசை இதே தடத்தில் ஓடிய ரயிலுடையது. இன்றும் குளத்தின் ஓரமாகவே ரயில் செல்கிறது. மேற்குக் கரையின் கோஸ்ட் ஸ்டார்லைட் ரயில் ஸ்டைன்பெக் பிறந்த சலினாஸில் நிற்கும். செஃபிர் ரயில், கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் பிறந்த கேல்ஸ்பர்க்கில் நிற்கும். கலிபோர்னியாவின் மெர்செட் வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அடையலாம். சயன் தேசியப் பூங்காவில் 2000 ஆம் ஆண்டு முதல், சுற்றுலாப் பருவத்தில், பள்ளத்தாக்கினுள் சொந்தக் கார்களை விடாமல் பூங்காவின் பேருந்திலேயே அழைத்துச் செல்கின்றனர். காருக்காகவே உருவான நாட்டிலும் காரை நிறுத்திவைத்தால்தான் இயற்கை பிழைக்கும் என்று கண்டுகொண்ட இடங்கள் உள்ளன என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன முதியோருக்கு வருவோம். பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஆறு மாதம் வரை தங்கித் திரும்பும் பெற்றோர் நம் ஊர்களில் தெருவுக்குச் சிலர் உள்ளனர். சட்டத்தின் கண்ணில் அவர்களும் சுற்றுலாப் பயணிகளே. மதுரையிலோ தஞ்சையிலோ அறுபத்தைந்து வயதில் தனியே பேருந்து ஏறி, திருமணத்துக்குப் போய், வங்கிக்குப் போய், கோயிலுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். அமெரிக்கப் புறநகர் ஒன்றில் இறங்கிய நாள் முதல் அவர்களுக்குக் கால் இல்லாமல் போகிறது. கடை மூன்று மைலில். இடையில் நடைபாதை பல இடங்களில் இல்லை. பேருந்து மணிக்கொன்று, அல்லது அதுவும் இல்லை. மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பும் வரை வீடு. சனி ஞாயிறுகளில் பின்னிருக்கை. நயாகராவும் டிஸ்னியும் காட்டப்படுகின்றன. அவர்களாகப் போய்ப் பார்த்தது என்று ஒன்றும் இருப்பதில்லை. திரும்பி வந்து, நாடு சுத்தமாக இருக்கிறது, ஆனால் பொழுது போகவில்லை என்கிறார்கள். பொழுது போகவில்லை என்ற சொல்லுக்குள் தன்னிச்சை இழந்த துயரம் இருப்பதைப் பிள்ளைகள் கேட்பதில்லை. இது அன்பின் குறை அன்று, ஊரமைப்பின் குறை.

ஆனால் எல்லா இடங்களிலும் இக்கதியை ஏற்க வேண்டியதில்லை. தமிழர் மிகுதியாக வாழும் ஊர்கள் சிலவற்றில் வழி இருக்கிறது. நியூஜெர்சியின் எடிசனிலிருந்து புறநகர் ரயில் நேராக நியூயார்க் நகரத்தின் நடுவுக்குச் செல்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்கு 1972 முதல் பார்ட் ரயில் உண்டு. சன்னிவேலிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் கால்ட்ரெயின் 2024 இல் மின்மயமானது. சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லிலும் புறநகர் ரயில் நிற்கிறது, ஆம்ட்ராக்கும் நிற்கிறது. வந்த முதல் வாரத்திலேயே பெற்றோரை நிலையத்துக்கு அழைத்துச் சென்று, சீட்டு எடுப்பதையும் நடைமேடை மாறுவதையும் ஒருமுறை உடன்சென்று காட்டிவிட்டால், அடுத்த வாரம் அவர்களே போய்வருவார்கள். நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போவார்கள். வழிதவறினால் யாரிடமாவது கேட்பார்கள். அந்தக் கேள்வியில்தான் அவர்களுக்கு அமெரிக்கா தொடங்கும்.

*

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். விடுப்பு பத்தே நாள் என்போர் பறக்கட்டும். ஆனால் பத்து நாளில் இரு கரைகளையும் தொட்டே தீர வேண்டும் என்று யார் விதித்தது? பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை ரயிலில் பத்து நாள் என்பது நிறைவான பயணம். வயதானவர்களால் இரண்டு இரவு ரயிலில் இருக்க இயலாது என்போருக்கு, கன்னியாகுமரியிலிருந்து காசிக்குப் போய்வந்த தலைமுறை அது என்று நினைவூட்டுவோம். பாதுகாப்புப் பற்றிய அச்சம் உண்மையானது. அதற்கு விடை, எந்த நேரத்தில் எங்கே இறங்குவது என்பதை முன்னறிந்து செல்வது. அதிகாலை மூன்று மணிக்கு ஆளற்ற நிலையத்தில் இறங்கும்படி அமையும் சீட்டைத் தவிர்ப்பது எளிது. மலைபடுகடாத்தின் வழிகாட்டியும் இரவு நடையைத்தான் தவிர்க்கச் சொன்னான். பயணத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை.

ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. மூன்றாண்டுகளில் அப்படம் வெளிவந்தது. விமானத்தில் சென்றிருந்தால் அவ்வெண்ணம் தோன்றியிராது என்று வாதிட மாட்டோம். வேறு வேலையின்றி, அவசரமின்றி, அறிமுகமற்றவர்களிடையே பல நாட்கள் இருக்க நேர்வது மனத்துக்கு என்ன செய்யும் என்பதை மட்டும் சுட்டுகிறோம். தமிழில் பயண நூல்கள் இன்று குறைவின்றி வருகின்றன. அமெரிக்கா பற்றியவற்றில் விமான நிலையமும் நண்பர் வீடும் காரும் மாறி மாறி வருகின்றன. சகபயணி என்ற பாத்திரமே அரிதாகிவிட்டது. எழுதுவோர் ஒருமுறையேனும் செஃபிரிலோ பேருந்திலோ போய்வந்து எழுத வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

அடுத்து அமெரிக்கா செல்லவிருப்போருக்கு நாம் சொல்லும் வழி இதுதான். பெருந்தொலைவை ஒருமுறை பறந்து கடப்பதில் தவறில்லை. திரும்பும்போதேனும் ரயிலில் வாருங்கள். ரயில் இல்லாத ஓரிரு ஊர்களுக்குப் பகல்நேரப் பேருந்தில் போங்கள். பூங்காவுக்காக மூன்று நாள் கார் எடுங்கள். எடுத்தால் ஒரு நாளாவது பெருஞ்சாலையை விட்டிறங்கிப் பழைய சாலையில் ஓட்டுங்கள். பெற்றோரை அழைப்பவர்கள், அவர்கள் வந்திறங்கும் முன் வீட்டுக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எங்கே என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்து வையுங்கள்.